தனி உலையும் சோகப் புல்லாங்குழலும்

என் பக்கத்து வீட்டு அக்காவை அநாதையாக்க அந்தச் சேனல்காரர்களுக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. பெற்ற மகன் கூப்பிடு தூரத்தில் மாடி வீடு கட்டிக் குடியிருக்கிறான். மருமகள் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். இருந்தும் அநாதை. எந்த அலுவலகத்திலும் இத்தனை வேகமாக ஒரு சான்றிதழ் வழங்கி நான் பார்த்ததில்லை.

பங்குனி வெயில். ஒகேனக்கல்லில் தண்ணீர் வற்றிப்போனதைப் படமெடுக்க வந்த கூட்டம் அது. வெறும் பாறையை எவ்வளவு நேரம்தான் காட்டுவது? மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் பென்னாகரம் பக்கம் திரும்பும் வழியில் எங்கள் ஊரில் வண்டியை நிறுத்தினார்கள். முதலில் வந்தது என் வீட்டுக்கு. காம்பவுண்டுச் சுவர், இரும்பு கேட், பெயருக்குக் கீழே ‘துணை வட்டாட்சியர், ஓய்வு’ என்று பலகை. ஆகவே வெளியே நின்று மணி அடித்து, “மேடம், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றார்கள். அடுத்தது அக்காவின் ஓட்டு வீடு. அதற்குச் சுவரும் இல்லை, மணியும் இல்லை. நேராக வாசல்வரை போய்விட்டார்கள். ஒருவருடைய நிலத்தை அளக்கப் போகிற சர்வேயர்கூட முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கேமராவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அக்கா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுக்கிற வேலை. கையெல்லாம் பிசுபிசுக்கும். புளி அப்பிய சேலையை எறும்பு விடாது. அதனால் எங்கள் பக்கத்தில் எத்தனை வசதியான வீட்டுப் பெண்ணும் புளி தட்ட உட்காரும்போது பழைய மூட்டையிலிருந்து ஒரு கந்தலை எடுத்துத்தான் சுற்றிக்கொள்வாள். அக்காவின் பீரோவில் சேலை இல்லாமல் இல்லை. ஆனால் படமெடுக்க வந்தவர்களுக்குத் தோளில் இருந்த கிழிசல்தான் கிடைத்தது. அதைக் கிட்டத்தில் எடுத்தார்கள், தூரத்தில் எடுத்தார்கள், அக்காவைத் திரும்பி உட்காரச் சொல்லி மறுபடியும் எடுத்தார்கள்.

பிறகு வீட்டுக்குள் போய் அடுப்பைப் படமெடுத்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் மகனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்து கொஞ்சம் வளர்ந்ததும், பெற்றவர்கள் தனி உலை வைப்பார்கள். சண்டை போட்டுக்கொண்டு அல்ல. நல்ல நாள் பார்த்து, மருமகளே புதுப்பானை வாங்கிக்கொடுத்து, அதில் முதல் உலைக்கு அவளே தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு பெரியவள் தன் இஷ்டத்துக்கு ஆக்குவாள், தன் நேரத்துக்குச் சாப்பிடுவாள். குழம்பு மட்டும் கிண்ணத்தில் இங்கிருந்து அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். அக்காவுக்குக் களி கெட்டியாக இருக்க வேண்டும், உருண்டை தட்டில் உட்கார வேண்டும். மருமகளின் களி தட்டில் ஓடும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே இரண்டு பேரும் பல வருடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மைக்கைப் பிடித்தவன் கேட்டான்: “சாப்பிட்டீங்களா பாட்டி?”

“இன்னும் இல்ல சாமி. இத முடிச்சிட்டுத்தான்.”

“மகன் சோறு போட மாட்டாரா?”

“அவன் எதுக்குப் போடணும்? நாந்தான் தனி ஒல வெக்கிறனே.”

“மருமக?”

“அவ பாட்டுக்கு அவ, எம்பாட்டுக்கு நானு. நல்லாத்தான் இருக்கோம்.” புளித்தூசி பறந்து கண்ணில் விழுந்திருக்க வேண்டும். முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

வேலி ஓரமாக நின்று இதைப் பார்த்த எனக்குப் பொறுக்கவில்லை. போய் நின்று, தனி உலை என்றால் என்ன, புளிச்சேலை என்றால் என்ன என்று நிதானமாக, ஒரு கோப்புக்குக் குறிப்பு எழுதுகிற ஒழுங்கில், கேமராவைப் பார்த்துச் சொன்னேன். “கண்ணாடியைக் கழட்டிட்டு நில்லுங்க பாட்டி, வெளிச்சம் அடிக்குது” என்றான் கேமராக்காரன். என் கேட்டுக்கு முன்னால் மேடமாக இருந்தவள், அக்காவின் பக்கத்தில் நின்றதும் பாட்டியாகிவிட்டேன்.

இரண்டு நாளில் வீடியோ வந்தது. ‘மருமகள் செய்த கொடூரம்! கந்தல் சேலையில் கதறும் தாய்!’ கதறவில்லை என்பதால் பின்னால் ஒரு புல்லாங்குழலைக் கதறவிட்டிருந்தார்கள். “இன்னும் இல்ல சாமி” இருந்தது. “எம்பாட்டுக்கு நானு” இருந்தது. “நல்லாத்தான் இருக்கோம்” இல்லை. கண் துடைத்தது மெதுவாக, திரும்பத் திரும்ப வந்தது. நானும் இருந்தேன், தலையை ஆட்டியபடி. கீழே ‘கலங்கி நிற்கும் பக்கத்து வீட்டு மூதாட்டி’ என்று எழுத்து. கொடூரம் செய்த மருமகளின் படம் கிடைக்காததால், முகம் தெரியாமல் கருப்பாக ஒரு பெண் உருவத்தை வரைந்து கையை ஓங்க வைத்திருந்தார்கள். மகன்? அவன் லோடு வண்டி ஓட்டுகிறான். தலைப்பில் அவனுக்கு இடமே ஒதுக்கவில்லை. தாயைக் கைவிட்ட பழியில்கூட ஆண்பிள்ளைக்கு விலக்கு உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இதே சேனலைத் தோண்டிப் பார்த்தேன். சில மாதங்களுக்கு முன் அரூர் பக்கத்தில் ஒரு பெரிய விவசாயியைக் காட்டியிருந்தார்கள். அக்காவைவிட மூத்தவர். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் பெங்களூரில். தோட்டத்து வீட்டில் தானே சமைத்துச் சாப்பிடுகிறார். வெள்ளை வேட்டி, கையில் தங்க வாட்ச். அவரிடம் கேட்ட கேள்வி, “ஐயா, இந்த வயசுலயும் இவ்ளோ சுறுசுறுப்பு, என்ன ரகசியம்?” அதற்கு மேளச்சத்தம். தானே பொங்கித் தின்கிற ஆணுக்கு நிலம் இருந்தால் அது தன்மானம். தானே பொங்கித் தின்கிற பெண்ணுக்கு ஓட்டு வீடு இருந்தால் அது கைவிடப்பட்ட தாய்மை. இதற்கு எந்த அரசாணை என்று கேட்டால் காட்ட மாட்டார்கள், ஆனால் எல்லோரும் தவறாமல் அமல்படுத்துகிறார்கள்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் மருமகளுக்கு அங்கன்வாடியில் வேலை. வேலையே பிள்ளைகளுக்குச் சோறு போடுவதுதான். வீடியோ ஊர் குரூப்பில் சுற்றிய மறுநாளே ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போது, அவள் காதில் விழும்படிச் சொன்னாளாம்: “மாமியாளுக்கே சோறு போடாதவ, நம்ம புள்ளைக்கு என்னத்தப் போட்டுக் கிழிக்கப் போறா?” அடுத்த வாரம் பிள்ளைகள் குறைந்தார்கள். அதற்கடுத்து மேற்பார்வையாளர் வந்து அரிசி, முட்டை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, “இடம் மாத்தச் சொல்லி ஊர்ல பேச்சு வருதும்மா, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் புகார் இல்லாமல் விசாரணை கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். மலையடிவாரத்தில் எங்காவது மாற்றிவிட்டால் இரண்டு பஸ் பிடித்துப் போய்வர வேண்டும். வேலையை விட வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். சேனலின் குறைதீர்க்கும் அலுவலருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். விதி, உட்பிரிவு, கோரிக்கை எல்லாம் முறைப்படி. நகல் கோட்டாட்சியருக்கு. பிள்ளைகள் பெற்றோரைக் கவனிக்கவில்லை என்றால் அந்த அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், சட்டம் இருக்கிறது. நன்றாக இருக்கிற தாயை நிம்மதியாக இருக்க விடுங்கள் என்று மனு கொடுக்க அங்கே வழியில்லை. கிளார்க் நல்ல பையன். “மேடம், இத எந்தத் தலைப்புல பதியறதுன்னே தெரியலயே” என்றான்.

சேனலிலிருந்து போன் வந்தது. உடனே வருகிறார்களாம். நீக்குவதற்கு அல்ல, தொடர்ச்சி எடுப்பதற்கு. அந்த அம்மா மகன் வீட்டில் இருப்பதைக் காட்டினால் போதும், ‘செய்தி எதிரொலி’ என்று போட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாமாம்.

அன்று சாயங்காலம் மருமகள் என் வீட்டுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தனியாகக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

“அத்தை, கொஞ்ச நாளைக்கு அங்க வந்துடுங்க. பேச்சு அடங்குற வரைக்கும்.”

“எனக்கு என் வூடு இருக்குது. எதுக்கு வரணும்?”

“எனக்கு வேல போயிடும் அத்தை.”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, “உன் களி எனக்கு எறங்காது புள்ள. கஞ்சியாட்டம் கிண்டுவ” என்றார்.

“கெட்டியா கிண்டறேன்.”

“இத்தன வருசத்துல வராதது இப்ப வந்துடுமா? சரி, வுடு. வரேன்.”

மருமகள் சிரிக்கப் பார்த்து அழுதாள். “நான் வாங்கிக் கொடுத்த பான அத்தை அது” என்று அவள் சொன்னதை நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

‘எதிரொலி’ எடுத்தார்கள். அக்காவுக்குப் பட்டுச்சேலை, தலையில் பூ. சோபாவில் உட்கார வைத்து மருமகளை ஊட்டிவிடச் சொன்னார்கள். கை நன்றாக இருக்கிற பெண்ணுக்கு ஊட்டிவிட்டாள். இப்போது மகனுக்கும் இடம் கிடைத்தது: ‘மனம் திருந்திய மகன்!’ திருந்துவதற்கு மட்டும் ஆண்பிள்ளை தேவைப்பட்டிருக்கிறான். என்னை இந்த முறையும் விடவில்லை. கேட்டுக்கு உள்ளே நின்றபடியே, “எதுவும் சொல்வதற்கில்லை” என்றேன். ‘ஆனந்தக் கண்ணீரில் வார்த்தை வராத மூதாட்டி’ என்று போட்டார்கள்.

அங்கன்வாடிக்குப் பிள்ளைகள் திரும்ப வந்துவிட்டார்கள். மருமகளை எங்கும் மாற்றவில்லை. அக்காவின் வீடு பூட்டிக் கிடக்கிறது. திரும்பிப் போனால் யாராவது செல்போனை நீட்டிவிடுவார்கள் என்று மருமகளுக்குப் பயம், அந்தப் பயம் நியாயமானது. புளி தட்டவும் வாசலில் உட்கார விடுவதில்லை. பகலெல்லாம் ஃபேனுக்கு அடியில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, டிவியில் மாமியார்கள் மருமகள்களுக்கு விஷம் வைப்பதைப் பார்க்கிறார். முன்பு கிண்ணம் கொண்டுவரும் சாக்கில் உட்கார்ந்து பேசுகிற மருமகள், இப்போது தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாளாம். “வூட்டுக்கு வந்த விருந்தாளியாட்டம் நடத்தறா” என்றார் என்னிடம்.

மருமகள் வேலைக்குப் போன பிறகு சில நாள் என் பின்கதவு தட்டப்படும். அக்கா கையில் கேழ்வரகு மாவு இருக்கும். என் கேஸ் அடுப்பில் களி கிண்டி, கல்லுருண்டைபோல் இரண்டு தட்டில் வைப்பார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவோம்.

போன வாரம் அப்படிச் சாப்பிடும்போது முன்பக்கம் மணி அடித்தது. தபால்காரர்தான். அக்கா மட்டும் வாயில் வைத்த களியை விழுங்காமல் அப்படியே இருந்தார். நான் திரும்பி வந்ததும் சொன்னார்:

“அவனுங்க யாராச்சும் வந்தா, நான் உன் வூட்டு வேலக்காரின்னு சொல்லிடு. அப்பிடின்னா ஒருத்தனும் படம் புடிக்க மாட்டான்.”

முப்பது வருடத்துக்கு மேல் விதிகளோடு பழகியிருக்கிறேன். இதில் ஒரு ஓட்டைகூட எனக்குத் தென்படவில்லை.