ஜனாதிபதி முகம் வரைபவர்

பேக்கரியில் டீ வரும்வரை கிருபாசங்கர் நாளிதழைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். படிப்பதில்லை. முதல் பக்கத்தில் மாலையோடோ மைக்கோடோ யாராவது ஒரு தலைவர் இருப்பார். அவரைக் கவிழ்த்து, ஒரு கண்ணை இடுக்கி, நெற்றி எங்கே முடிகிறது, கன்னத்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பார். கடைக்காரருக்கு இது பழகிவிட்டது. புதிதாக வருபவர்கள்தான், பாவம் எழுத்து தெரியாதவர் போல என்று நினைத்துப் பேப்பரை நேராகத் திருப்பிக் கொடுப்பார்கள். "நல்லதுங்க" என்று வாங்கிக்கொண்டு, அவர்கள் போனதும் மறுபடி கவிழ்த்துக்கொள்வார்.

"நேரா வெச்சுப் பாத்தா பேருதானுங்க தெரியும். தலைகீழா வெச்சாத்தான் மூஞ்சி தெரியும்" என்றார் என்னிடம்.

முகம்தான் அவர் தொழில். பெருந்துறைப் பக்கம் துணியில் அச்சடிக்கும் ஆலை ஒன்றில் டிசைனராக இருக்கிறார். நாற்பத்தாறு வயது, மெலிந்த உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மூக்குக்கண்ணாடி. பூ, கொடி, கட்டம் எல்லாவற்றையும் மற்றவர்கள் செய்துவிடுவார்கள். முகம் வந்தால் இவர் மேசைக்கு வரும். ஆப்பிரிக்காவின் மேற்கே பல நாடுகளில் தேர்தலுக்கும் சுதந்திர தினத்துக்கும் ஜனாதிபதியின் முகம் அச்சடித்த துணியை வாங்கி உடுத்துவது வழக்கம். பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்வார்கள், ஆண்கள் சட்டையாகத் தைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட துணி கொஞ்சம் இங்கிருந்தும் போகிறது. அங்கிருந்து புகைப்படம் வரும். கிருபாசங்கர் அதைக் கணினியில் ஐந்து நிறமாகப் பிரித்து வரைவார். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்னும் அச்சுச் சட்டம். ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்தால் ஜனாதிபதி. ஒன்று மயிரிழை நகர்ந்தாலும், "அவருக்குப் பல்வலி வந்த மாதிரி ஆயிருமுங்க."

அவருக்கு மனதுக்கு நெருக்கமான நாடு ஒன்று இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணம் இதைப் படித்து முடிக்கும்போது தெரியும். கடல் இல்லாத, மழை குறைந்த நாடு. விடுதலை கிடைத்த நாளிலிருந்து தேர்தலில் வென்றவர்கள் ஆண்ட காலத்தைவிடத் துப்பாக்கியோடு வந்தவர்கள் ஆண்ட காலமே அங்கே அதிகம். ஒரு ராணுவ அதிகாரி வானொலி நிலையத்துக்குள் நுழைந்து அறிக்கை வாசிப்பார், அரசியல் சட்டம் நிறுத்திவைக்கப்படும், சீக்கிரம் தேர்தல் என்பார், சீக்கிரம் வராது. சொந்த ஊர் ஊராட்சித் தலைவர் யாரென்று கேட்டால் யோசிக்கிற கிருபாசங்கர், அந்த நாட்டின் தளபதிகளை வரிசையாகச் சொல்வார். சொல்லும்போது பெயர் வராது. "தாடைக்காரரு", "தொப்பிய எறக்கிப் போட்டிருப்பாரே அவரு" என்று அடையாளம்தான் வரும்.

அவர் முதன்முதலாக வரைந்தது அந்த நாட்டில் தேர்தலில் வென்று வந்த ஒரு முதியவரை. முன்பு பள்ளியில் பூகோளம் நடத்தியவராம். அதனால் கிருபாசங்கர் வீட்டில் அவருக்கு வாத்தியார் என்றே பெயர். வாத்தியாரின் வலது கண்ணுக்குக் கீழே ஒரு மரு இருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி அங்கிருந்து குறிப்பு வந்தது. இவர் எடுக்க மனமில்லாமல் நிழலோடு நிழலாகக் கரைத்துவிட்டார். துணி போய்ச் சேர்ந்த பிறகு ஊர்வலக் காட்சி ஒன்றை யாரோ கைப்பேசியில் அனுப்பினார்கள். கூட்டத்தில் ஒரு பெண் அந்தத் துணியால் குழந்தையை முதுகில் கட்டியிருந்தாள். தூங்கிப்போன குழந்தையின் கன்னம் வாத்தியாரின் கன்னத்தின்மேல் சாய்ந்திருந்தது. அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார். எனக்கும் காட்டினார், காட்டிவிட்டு, நான் சரியாகப் பார்த்தேனா என்று இன்னொரு முறை காட்டினார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டிலிருந்தே ஒரு பெண் ஆலைக்கு வந்தாள். மரியாமா என்று வைத்துக்கொள்வோம். கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தவள், பயிற்சிக்காக வந்திருந்தாள். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் ஈரோட்டுப் பெண் அஃப்ஷீன் அவளைக் கிருபாசங்கரின் மேசைக்கு அழைத்து வந்து, இவர்தான் உங்கள் ஜனாதிபதியை வரைந்தவர் என்று அறிமுகப்படுத்தினாள். மரியாமா மகிழ்ந்துபோவாள் என்று இவர் எதிர்பார்த்தார். அவள் சிரித்தாள். தனக்கும் தன் அண்ணனுக்கும் வாத்தியாரைப் பிடிக்காது என்றாள். இரண்டு முறை ஆண்டது போதாதென்று மூன்றாம் முறைக்குச் சட்டத்தைத் திருத்தப் பார்க்கிறார், அண்ணன் எதிர்த்து ஊர்வலம் போயிருக்கிறான் என்றாள். பிடிக்காதவர்கள் அந்தத் துணியை எப்படிச் சுற்றுவார்கள், உட்காரும்போது ஜனாதிபதியின் முகம் எங்கே வரும் என்பதையும் எழுந்து நின்று சைகையில் காட்டினாள். அஃப்ஷீன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். கிருபாசங்கருக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லையாம்.

அந்தப் பயிற்சி முடிவதற்குள் அங்கே ஆட்சி கவிழ்ந்தது. ஜனாதிபதி அரண்மனைக் காவல் படையே வாத்தியாரைப் பிடித்து வைத்துக்கொண்டது. எல்லைகளை மூடினார்கள். தொலைபேசியும் இணையமும் நின்றன. மரியாமாவின் அம்மாவுக்கு அழைப்பு போகவில்லை; வானொலி நிலையத்தில் செய்தி வாசிக்கும் அண்ணனுக்கும் போகவில்லை. எந்த நிலையத்துக்குள் படை நுழைந்ததோ அதே நிலையம்.

அன்று மாலை கிருபாசங்கர் அவளை விடுதிக்கு அனுப்பவில்லை. ஸ்கூட்டரில் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். மனைவி கோகிலாமணி ஒன்றும் கேட்காமல் பாய் விரித்தார். அரிசிம்பருப்புச் சாதம் வைத்தார், தோசை வைத்தார். அந்தப் பெண் எதையும் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் கோகிலாமணி தனக்காகக் கம்மங்கூழ் கரைத்துக்கொண்டிருந்தபோது மரியாமா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கம்பு மாவைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவள் ஊரிலும் அதுதான் சோறு. பாலில் கரைத்துக் குடிப்பார்களாம். "உக்காரு கண்ணு" என்று கோகிலாமணி சொம்பைக் கொடுத்தார். அவள் குடித்தாள், குடித்துக்கொண்டே அழுதாள். கோகிலாமணி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு சொம்பு கரைத்தார்.

இதற்குள் ஆலையில் வேறொரு சிக்கல். வாத்தியாரின் முகம் போட்ட துணி கப்பலுக்காகக் காத்திருந்து, கிடங்கு முழுக்க அடுக்கியிருந்தது. இனி அதை வாங்க ஆளில்லை. கருப்புச் சாயத்தில் முக்கி, சட்டைக்குள் வைத்துத் தைக்கும் லைனிங் துணியாக ஈரோட்டுச் சந்தையில் விற்றுவிடலாம் என்று முதலாளி வெங்கடபதி முடிவு செய்தார். கெட்டவர் இல்லை, ஆலையில் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் போட வேண்டியவர். கிருபாசங்கர் அதுவரை முதலாளி அறைக்குத் தானாகப் போனதில்லை. அன்று போனார்.

"பெரியவரு உசுரோட இருக்காரா இல்லையான்னே இன்னும் தெரியலைங்க. அதுக்குள்ள கருப்புல முக்கறதுங்களா?"

வெங்கடபதி, "கிருபா, அது துணி" என்றார். பிறகு, அன்றைக்கு வேண்டுமானால் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். கிருபாசங்கர் எடுக்கவில்லை. சாயத்தொட்டியின் பக்கத்தில் நின்றே பார்த்தார். முகம் ஒரே முக்கில் போகவில்லை. நெற்றியும் கன்னமும் முதலில் மறைந்தன. கண்ணின் வெள்ளை கடைசிவரை இருந்தது.

சில நாளில் தொலைபேசி வந்தது. மரியாமாவின் அம்மா நலம். அண்ணனும் நலம், அவன் ஆட்சியைப் பிடித்த புதிய தளபதியை வரவேற்று வீதியில் கைதட்டியவர்களில் ஒருவன். வாத்தியாரைச் சொந்த வீட்டிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். மரியாமா கல்லூரிக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேருந்து ஏறிக் கம்மங்கூழுக்கு வந்தாள். ஆனால் தளபதி சொன்ன தேர்தல் வரவில்லை. ஒரு நாள் காலைச் செய்தியின் முடிவில் அண்ணன் வானொலியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: தேர்தல் எப்போது? அன்றே அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

அதே சமயத்தில்தான் புதிய ஆர்டர் வந்தது. தளபதியின் முகம். சுதந்திர தினத்துக்குள் வேண்டும். சிரிப்பு கூடாது, பார்வை கடுமையாக இருக்க வேண்டும் என்ற குறிப்போடு அஃப்ஷீன் புகைப்படத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கிருபாசங்கர் அதைத் தொடவில்லை. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். வேறு யார் வரைவார்கள் என்று வெங்கடபதி கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பார் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மரியாமா வந்தபோது கிருபாசங்கர் நெடுநேரம் எதையெதையோ பேசினார். கோகிலாமணிதான் பொறுக்காமல் விஷயத்தை உடைத்தார். "ஏனுங்க, அம்மணிகிட்டச் சொல்லிப்போடுங்க. மூடி வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

அவர் சொன்னார். அவள் என்ன பதில் சொன்னாள் என்பதைக் கிருபாசங்கர் எனக்குத் தன் பேச்சிலேயே சொன்னார். பாதி ஆங்கிலம், பாதி அவள் இங்கே கற்ற தமிழ். எனக்குக் கிடைத்தது இவர் தமிழ்.

"வரைங்கன்னு சொல்லிப்போட்டாளுங்க. அவங்கம்மா தினமும் ஒவ்வொரு ஆபீசு வாசலா அலையறாங்களாம், பையன் எங்கேன்னு கேட்டு. அந்தத் துணி கட்டிட்டுப் போனா நம்ம ஆளுன்னு உள்ள விடுவாங்களாம். கட்டாமப் போனா எதிராளின்னு வாசல்லயே நிறுத்திப்போடுவாங்களாம். அதனால துணி வந்தாகோணும். ஆனா கோவமா வரையாதீங்கன்னாளுங்க. எங்கம்மா அதைக் கட்டிட்டுப் போயி அண்ணன் முன்னால நிக்கோணும், அவன் பயந்துபோடக் கூடாது அப்படின்னாளுங்க."

சொல்லி முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அடுத்த கண்ணாடியையும் எடுத்துத் துடைத்தார்.

அந்த முகம் அவரைப் படுத்திவிட்டது. அனுப்பிய படத்தில் கண்கள் ஆளை விரட்டின. தளபதியின் வேறு படங்களை இணையத்தில் தேடித் தேடிப் பார்த்தார். அணிவகுப்பு, மேடை, எல்லாவற்றிலும் அதே பார்வை. கடைசியில் ஒரு படம் கிடைத்தது. வெயிலில் எங்கோ நிற்கிறார். யாரோ கொடுக்கும் தண்ணீரை இரண்டு கையாலும் வாங்குகிறார். அந்த ஒரு நொடியில் அவர் தாகமெடுத்த மனிதர், அவ்வளவுதான். கிருபாசங்கர் தொப்பி, தாடை, உதடு, பதக்கங்கள் எல்லாவற்றையும் அனுப்பிய படத்திலிருந்து எடுத்தார். கண்களை மட்டும் தண்ணீர் வாங்கும் படத்திலிருந்து எடுத்தார். மாதிரியை அனுப்பிவிட்டு, திருத்தம் வரும், வேலை போனாலும் போகும் என்று காத்திருந்தார். ஒரு திருத்தமும் வரவில்லை. அரண்மனையில் மிகவும் பிடித்துவிட்டதாக அஃப்ஷீனுக்கு மறுமொழி வந்தது.

துணி போனது. மரியாமாவின் அம்மா அதைக் கட்டிக்கொண்டு போனார். முதலில் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனார். நகரத்துக்கு வெளியே ஒரு ராணுவ முகாமில் பையன் இருப்பதை யாரோ ஒரு குமாஸ்தா சொன்னார். அங்கேயும் போனார். ஒரு நாள் கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணனை விடுதலை செய்தார்கள். பிடித்ததற்கும் விட்டதற்கும் காரணம் சொல்லவில்லை. ஒரு காது கேட்பதில்லை. வானொலி வேலை போய்விட்டது; கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். வாத்தியார் இன்னும் அடைபட்டுத்தான் இருக்கிறார். மரியாமா படிப்பை முடித்து ஊருக்குப் போய்விட்டாள். கோகிலாமணிக்கு மாதம் ஒருமுறையாவது குரல் செய்தி வரும். "அக்கா, சௌக்கியமுங்களா" என்று தொடங்கும்.

முகாமில் அம்மா வந்து நின்றபோது அண்ணனுக்கு எப்படி இருந்தது என்று கிருபாசங்கர் மரியாமாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார். அவருக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. அவள் அண்ணனிடம் விசாரித்துச் சொன்னாள்.

"துணிய அவன் பாக்கவே இல்லையாமுங்க" என்று என்னிடம் சொல்லும்போது அவர் முகமெல்லாம் சிரிப்பு. "அந்தக் கண்ணுக்கு நான் பட்ட பாடு என்ன. அவன் என்ன துணின்னே கவனிக்கலையாம். அம்மா மூஞ்சியத்தான் பாத்துட்டே இருந்தானாம்."

நான் ஆலைக்குப் போயிருந்த அன்று தளபதியின் புதிய முகம் அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. சீருடையைக் கழற்றிவிட்டாராம், இப்போது வெள்ளை அங்கியும் குல்லாவுமாக, தேர்தல் நடத்தாமலே ஜனாதிபதி ஆகிவிட்டார். முதல் சில மீட்டரில் நிறம் விலகி உதடு இரண்டாகத் தெரிந்தது. அதை வெட்டிக் கழிவில் போட்டார்கள். மெஷின் ஓட்டும் அங்கப்பன் கை முழுக்க மசகு எண்ணெயோடு வந்து, துடைத்துக்கொள்ள அந்தத் துண்டை எடுக்கக் குனிந்தார். "இருங்கண்ணா" என்றார் கிருபாசங்கர். துண்டைத் தானே எடுத்தார். முகம் உள்பக்கம் போகும்படி ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொரு மடிப்பு மடித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவி, அங்கப்பனிடம் நீட்டினார்.