கடவாயில் அடக்கிய வெல்லம்

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் மனைவியும் சோமனூரில் ஒரே கூடத்தில் விசைத்தறி ஓட்டினோம். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் புதிதாக நூல் சுற்றிய தார்க்குச்சி மாட்டினால், நூல் முனையை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சித்தான் வெளியே இழுக்க வேண்டும். அவள் ஒரே உறிஞ்சில் இழுத்துவிடுவாள். நூல் ஈரமாக வரும்.

குழந்தை வயிற்றிலேயே இறந்த பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. கோயமுத்தூரில் மனநல டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூங்கினாள். சில மாதத்தில் சிரிக்கவும் செய்தாள். கேட்டவர்களிடம் சத்து மாத்திரை என்று சொல்லிவைத்தேன். பைத்தியம் என்று பேர் கட்டிவிடுவார்களே என்ற பயம்.

"ஏனுங்க, வாயெல்லாம் காஞ்சு காஞ்சு போகுதுங்க" என்றாள். பஞ்சுத் தூசியில் யாருக்குத்தான் காயாது? அச்சு வெல்லத்தை உடைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். "ஒரு துண்டக் கடவாயில அடக்கிக்க அம்மணி." வேலை நேரம் முழுக்க அடக்கிக்கொண்டாள். பெண்டாட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. அவள் உறிஞ்சி இழுத்த நூல் காய்ந்தே வந்ததை நான் கவனிக்கவில்லை.

ஒரு வருடத்துக்குள் முன்பற்கள் ஈறோரமாகக் கறுத்தன. ஒருநாள் சோற்றில் பாதிப் பல் ஒடிந்து விழுந்தது. "பல்லக்கூட ஒழுங்கா வெளக்க மாட்டயா?" என்று கத்தினேன். பாவம், ரத்தம் வரும்வரை தேய்த்தாள்.

பல் டாக்டர், "வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறாங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்று நான் முந்திக்கொண்டேன். அவள் தரையைப் பார்த்தாள். சொத்தையை அடைத்து அனுப்பினார். ஆறு மாதத்தில் அடைத்ததற்குப் பக்கத்திலேயே அரித்தது.

மறுபடி போனபோது, வாய்க்குள் விட்ட சிறு கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எச்சிலே இல்லயே. மாத்திரை எதுவுமே இல்லயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "திங்கறனுங்க. மனசுக்கு. ரெண்டு வருசமாச்சுங்க. வாய் காயுதுன்னு நாள் பூரா வெல்லம் அடக்கிக்கறனுங்க."

டாக்டர் கோபப்படவில்லை. அது இன்னும் சுட்டது. "எச்சில்தாங்க பல்லுக்குக் காவல். இனிப்பக் கழுவும், புளிப்ப அடக்கும், அரிச்ச எடத்துக்குச் சத்தத் திருப்பிக் குடுக்கும். மாத்திரை அத வத்த வெச்சிருச்சு. அதுமேல நாள் பூரா வெல்லம். அன்னைக்கே சொல்லியிருந்தா, மாத்திரைய மாத்தித் தரச் சொல்லி அந்த டாக்டருக்கு எழுதியிருப்பேன். முன்பல்லக் காப்பாத்தியிருக்கலாம்."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, நான் மாத்திரை திங்கறேன்னு சொல்றது உங்களுக்கு அத்தன கேவலமாங்க?"

நான் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் சுருட்டினேன்.

நான்கு முன்பற்களை எடுத்தார்கள். செட் பல் கட்டிய பிறகும், சிரிப்பு வந்தால் அவள் கை முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகிறது. அந்தச் சிரிப்பைத் திரும்பப் பார்க்கத்தான் நான் அவளை முதலில் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.