அமிர்தவள்ளியின் சந்துக்குப் பாதாளச் சாக்கடை வந்த விதம்

ஆம்பூரில் எங்கள் சந்தின் கடைசி வீடு அமிர்தவள்ளியுடையது. ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். சந்து அவர் வீட்டை நோக்கிச் சரிவாக இருப்பதால், மழை பெய்தால் எல்லோருடைய செப்டிக் டேங்கும் வழிந்து அவர் சமையலறையில்தான் வந்து நிற்கும். மகள் ஜாஸ்மினைப் பெண் பார்க்க வந்தவர்கள் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு காபி குடித்ததை அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் அடுத்த மழைக்குள் இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும் என்று இருந்தார்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் வழி பிறந்தது. வீடுகளைப் பாதாளச் சாக்கடையோடு இணைக்கும் செலவை மாநில அரசே ஏற்கும் என்று நகராட்சி அறிவித்தது. சந்தில் எல்லா வீடும் சம்மதிக்க வேண்டும். மார்ச்சுக்குப் பிறகு செலவு அவரவர் தலையில். அமிர்தவள்ளி வீடு வீடாகப் போனார். பாண்டியனைத் தவிர எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

பாண்டியன் தோல் பதனிடும் டேனரியில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டேனரிக் கழிவுநீர் பூமிக்கடியில் தனிக் குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. குழாய் என்றாலே அவருக்கு அந்தக் குழாய்தான்.

"இன்னாம்மா நீ? டேனரித் தண்ணி என் கக்கூஸ் வழியா மேல வரும். ஆயுசு பூரா மோந்தது பத்தாதா?"

"அது வேற குழாய், இது வேற குழாய்ண்ணே."

"மண்ணுக்குள்ள யாரு பாத்தது? பேஜார் பண்ணாம போம்மா."

மார்ச் கடைசி வாரமும் வந்துவிட்டது.

"அண்ணே, பக்கத்துத் தெருவுல இணைச்சிட்டாங்க. இன்னிக்கி சாக்கடை மூடியத் தெறக்குறாங்க. நீயே வந்து மோந்து பாரு. டேனரி நாத்தம் அடிச்சா நான் இனிமே வாயத் தெறக்கல."

அவர் மூக்கை நம்பி ஒருவர் அழைத்தது பாண்டியனுக்குப் பிடித்துவிட்டது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். மூடியைத் தூக்கியதும் நாங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினோம். அவர் மட்டும் ஓரத்தில் நின்று, கண்ணை மூடி நன்றாக இழுத்தார். அமிர்தவள்ளி மூச்சே விடவில்லை.

"சுண்ணாம்பு இல்ல." மறுபடி இழுத்தார். "தோலு ஊறுன வாடையும் இல்ல."

"அப்போ?"

"சுத்தமான மனுச நாத்தம்தாம்மா! குடு பேனாவ."

"இத மோந்து பாக்கவா சலவைச் சட்டை?" என்றார் கூட வந்திருந்த பாண்டியனின் மனைவி.

ஐப்பசியில் விடாமல் மழை பெய்த ஒரு ஞாயிறு மதியம், அமிர்தவள்ளி சமையலறைத் தரையில் பாய் விரித்துத் தூங்கினார்.