கூவைப் பசை டீச்சர்

அடுப்பிலிருந்து இறக்கிய கூவைக்கிழங்கு மாவுப் பசையில் ரத்னாபாய் டீச்சர் ஒரு கரண்டி வெந்தயப் பொடியைக் கொட்டிக் கிளறுகிறாள். பூச்சி அரிக்காமல் இருக்க அல்ல, பிள்ளைகள் நக்காமல் இருக்க. "கசக்கும், நக்கப்பிடாது, கேட்டியளா?" என்று வெள்ளிக்கிழமைதோறும் சொல்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் நக்குகிறார்கள். கசப்பு அந்தப் பிள்ளைகளுக்குப் பழகியே போய்விட்டது.

ஆரியசாலைச் சந்துப் பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருஷமாக அவளுக்குச் சின்ன வகுப்புதான். இடுப்பில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் தொங்கும். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் தங்கள் வீட்டையும் அதில் இருப்பவர்களையும் காகிதத்தில் செய்ய வேண்டும். பெரிய வகுப்புகளின் பழைய பரீட்சைத் தாள்கள்தான் செங்கல். நாலாக மடித்து, ஓரம் வெட்டி, மடக்கி ஒட்டினால் வீடு. சுவரில் சிவப்பு மையில் பூஜ்யம் வந்தால் பிள்ளைகள் அதைக் கத்தரித்து ஜன்னலாக்கிவிடுவார்கள். பெரிய வகுப்பு கணக்கில் சறுக்கிய வருஷங்களில் சின்ன வகுப்பு வீடுகளுக்கு நல்ல காற்றோட்டம். மின்விளக்கு வந்த வீட்டுப் பிள்ளை கூரைமேல் நூலைக் கட்டிக் கம்பி இழுத்துவிட்டு, யாரையும் கிட்டே விடாது.

அவளுக்கு இரண்டே சட்டம். ஒட்டினால் இருபது எண்ணும் வரை விரலை எடுக்கக் கூடாது. வகுப்புக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. இரண்டாவது, பிள்ளை கட்டிய வீட்டில் டீச்சர் கை வைக்கக் கூடாது. "உள்ளது உள்ளபடி கட்டு மக்களே. ஆரு எங்க இருக்காவளோ அங்க வையி." இதனால் தெருவின் ரகசியங்கள் எல்லாம் மூன்று மணிக்கு அவள் மேசைக்கு வந்துவிடும். ஒரு தடவை யோசுவா தன் அப்பாவைக் கிணற்றடியில் ஒட்டிவைத்தான். "அம்மை கதவு தொறக்கல்ல டீச்சர்." ரத்னாபாய் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போனாள்.

சென்ற வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கும் நாள். பாகீரதி கட்டிய வீட்டருகே வந்த டீச்சர் நின்றுவிட்டாள். பாகீரதியின் அப்பா கோலப்ப பிள்ளை சுக்கு வியாபாரி. அவர் வீட்டுப் பின்கட்டு அறையில்தான் ரத்னாபாய் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறாள். காகித வீட்டில் அந்த அறை முழுக்கத் தீப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"இது என்னது பிள்ளே?"

"சுக்கு மூட்டை, டீச்சர்."

"அப்போ டீச்சர் எங்க?"

பாகீரதி வாசலுக்கு வெளியே விரலை நீட்டினாள். இடுப்பில் கத்தரிக்கோலோடு ஒரு காகிதப் பெண். பக்கத்தில் குட்டியாக ஒரு பெட்டி. "சுக்கு வைக்க அடுத்த மாசம் பின்கட்டு முறி ஒழியணுமாம். டீச்சர்கிட்ட ஆரு சொல்லதுன்னு அப்பாக்கும் அம்மைக்கும் சண்டை."

முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் டீச்சருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்த நேரம் பார்த்துக் கோலப்ப பிள்ளை உள்ளே வந்தார். "நம்ம வீடு எதும்மா? ஓ, கொள்ளாமே, நல்லா இருக்கே!" என்று குனிந்தவர் வெளியே நின்ற பெண்ணையும் பெட்டியையும் கண்டு, துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "சும்மா... பிள்ளைக விளையாட்டு..."

"இங்க பிள்ளைக உள்ளதைத்தான் கட்டும்" என்றாள் ரத்னாபாய்.

பிறகு, பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக, ஒரு பிள்ளையின் வீட்டில் கை வைத்தாள். இரண்டு தீப்பெட்டிகளை நகர்த்தினாள். காகிதப் பெண்ணின் காலடியில் பசையைத் தாராளமாக அப்பி, மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கோலப்ப பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். வகுப்பு வழக்கம்போல எண்ணத் தொடங்கியது. இருபது வந்தது. எல்லோரும் நிறுத்திவிட்டு டீச்சரின் விரலையே பார்த்தார்கள்.

விரல் அசையவில்லை.

"இருபத்தொண்ணு" என்றாள் ரத்னாபாய்.