அவரைப் பந்தலுக்குப் போர்த்திய வேட்டி

அண்ணியைப் பற்றி நாத்தனார் எழுதுகிறாள் என்றதும் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. அண்ணியின் முதல் வருஷ நினைவு நாளுக்கு வருகிற உங்களுக்குக் கொடுக்க, அவர் மகன்தான் என்னை எழுதச் சொன்னான். "அத்தை, அம்மாகூட இத்தனை வருஷம் ஒரே அடுப்புல நின்னவங்க நீங்கதான். நீங்களே எழுதுங்க" என்றான். நின்றது உண்மை. நின்ற நாளில் பாதி நாள் சண்டை போட்டதும் உண்மை. அதை மறைத்து எழுதினால் அண்ணியே எழுந்து வந்து அடித்துத் திருத்துவார். அதோடு, நான் ஒரு விஷயத்தை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு இதைவிட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

அண்ணி பிறந்தது கோலார் தங்கவயலில். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒட்டி ஒட்டிக் கட்டின குடியிருப்பு, எல்லோருக்கும் ஒரே பொதுக்குழாய். பாத்திரம் கழுவின தண்ணீரைக்கூட வீணாக்காமல் வாசலோரத்தில் கீரைக்கு ஊற்றி, பத்து வயதிலேயே வீட்டுக்குக் கறிகாய் கொடுத்தவர் அவர். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு பெங்களூர் மல்லேஸ்வரத்துக்கு வந்தபோது இந்த வீட்டின் பின்பக்கம் குப்பையும் உடைந்த ஓடுகளும்தான் கிடந்தனவாம். "ஊர்ல புதுப்பொண்ணு புடவை கேப்பா, சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவா. இவ வந்த மாசமே கடப்பாரை கேட்டா" என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வார்.

அந்த இடத்தில்தான் தக்காளி, முள்ளங்கி, வெந்தயக்கீரை, நூல்கோல், கடைசியில் சுவரோரமாக அவரைப் பந்தல் எல்லாம் வந்தன. கார்த்திகை பிறந்துவிட்டால் அண்ணியைக் கையில் பிடிக்க முடியாது. ஸ்வெட்டருக்கு மேல் அண்ணனின் பழைய சட்டை, காதைச் சுற்றி மப்ளர், காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு, இதுதான் கோலம். நாங்கள் எல்லோரும் பாய்லர் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருக்கும்போது அவர் பனியில் நின்று இலைகளைத் திருப்பித் திருப்பிப் புழு பொறுக்கிக்கொண்டிருப்பார். பின்பக்கத்துக்கு வெயில் வர ஒன்பது மணி ஆகும். மோர்மிளகாய்த் தட்டையும் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியையும் வெயில் நகர நகர நகர்த்திக்கொண்டே போவார். சாயங்காலம் பார்த்தால் தட்டு கிழக்குச் சுவரில் போய் நிற்கும். நடுவில் தக்காளி விலை இறங்கிய வாரம் பார்த்து, தோட்டத்துத் தக்காளியோடு கடைத் தக்காளியும் சேர்த்துப் பெரிய வாணலியில் தொக்கு கிளறுவார். அந்த நாளில் யாரும் சமையலறைப் பக்கம் போகக்கூடாது. தெறிக்கும் என்பது ஒரு காரணம். யாராவது "உப்பு கொஞ்சம் தூக்கலோ?" என்று கேட்டுவிடுவார்கள் என்பது நிஜமான காரணம். செய்த வேலையில் குறை சொன்னால் அண்ணியால் தாங்க முடியாது. கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டார், பாத்திரங்கள்தான் பேசும்.

இந்த வீட்டுக்கு நான் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதம். என் கணவர் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளைகளும் இல்லை. வேலூரில் என் மாமியார் வீட்டில் எனக்கு எந்தக் கொடுமையும் நடக்கவில்லை, நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒருநாள் பரணிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கப் போனேன். "நீ தொடாதம்மா, பூத்துப் போயிடும்" என்றார் மாமியார். மெதுவாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதைத் தொடப் போனாலும் என் கை பாதியில் நின்றுவிடும். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைக் கட்டச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்த மூன்றாம் நாள் அண்ணி எலுமிச்சை ஜாடியை என் முன்னால் வைத்து, மரக்கரண்டியை நீட்டி, "கிளறிவிடு" என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேணாம் அண்ணி. நான் தொட்டா பூத்துடும்னு சொல்வாங்க."

"ஈரக் கரண்டி போட்டா பூக்கும். இந்தா, இது காஞ்ச கரண்டி. உன் கை காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

"அப்புறம் என்ன, கிளறு. எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு."

கிளறினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜாடியில் விழப்போகிறது என்று அதற்கும் அண்ணி திட்டினார்.

இனி அவரைக்காய்க் கதை. நம் பக்கம் மொச்சை என்போமே, அதைத்தான் இங்கே அவரைக்காய் என்பார்கள். மார்கழிக் குளிரில் பனி இறங்க இறங்க அந்தக் காயின் தோலில் ஒரு பிசுக்கு வரும், ஒரு வாசனை வரும். கன்னடத்தில் அதற்குச் சொகடு என்று பேர். கையில் தேய்த்தால் சோப்புப் போட்டாலும் போகாது. பெங்களூர்க்காரர்கள் காயை வாங்குவதற்கு முன்னால் மூக்கில் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். இதெல்லாம் எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. வேலூர் வெயிலில், டவுனில் வளர்ந்தவள் நான். செடி என்றால் எனக்குத் தொட்டியில் இருக்கிற துளசிதான்.

அந்த மார்கழியில் அண்ணியின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்தது. அண்ணி தங்கவயலுக்குக் கிளம்பினார். போகும்போது, "பந்தலைப் பாத்துக்கோ. புழு இருந்தா எடுத்துப் போடு. வேற ஒண்ணும் செய்யாத" என்று என்னிடம்தான் சொன்னார். இந்த வீட்டில் என்னை நம்பிக் கொடுத்த முதல் பொறுப்பு அது. சும்மா இருக்க முடிந்ததா என்னால்? அன்று சாயங்காலமே பனி கொட்ட ஆரம்பித்தது. பூவெல்லாம் கருகிவிடுமே என்று பதறிப்போய், அண்ணனின் பழைய வேட்டிகளை எடுத்துப் பந்தல்மேல் போர்த்தினேன். "நல்ல யோசனைதான்" என்றார் அண்ணன். தோட்டத்தில் என்னைவிட அவருக்குத் தெரிந்தது குறைவு. அண்ணி ஊரில் இருந்த பன்னிரண்டு நாளும் சாயங்காலம் போர்த்தி, காலையில் எடுத்து, வேட்டியைக் கொடியில் உலர்த்தினேன். எனக்கு ஒரே பெருமை.

அண்ணி திரும்பி வந்த காலையில் நேராகப் பந்தலுக்குப் போனார். ஒரு காயைப் பறித்து, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார். இன்னொரு காயைப் பறித்தார். பிறகு கொடியில் தொங்கிய வேட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"மூடினியா?"

"பனி கொட்டுச்சு அண்ணி. பூ கருகிடுமேன்னு..."

"பனி பட்டாத்தான்டி அதுக்கு வாசனையே!"

அன்றைக்கு முழுக்கப் பாத்திரங்கள்தான் பேசின.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. வருஷா வருஷம் தை பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் பாய் போட்டு உட்காருவார்கள். முந்தின நாளே ஊறப்போட்ட அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கி எடுப்பார்கள். அந்தப் பிதுக்குப் பருப்பில் குழம்பு வைத்து எல்லோரும் சாப்பிட்டு, மீதியைப் பங்கு போட்டுக்கொண்டு போவார்கள். எண்ணெயில் வறுத்து, உப்பும் காரமும் போட்டு டப்பாவில் அடைத்தால் சிவராத்திரி வரைக்கும் வரும். அந்த வருஷமும் வந்தார்கள். எதிர்வீட்டு டீச்சரம்மா, கன்னடக்காரர், ஒரு பிடி கொட்டையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "ஏன்ரீ, சொகடே இல்வல்ல?" என்றார். எல்லோரும் மோந்து பார்த்தார்கள். வாசனையே இல்லை. ஓரத்தில் இருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"இந்த வருஷம் புதுசா யாராவது கை வெச்சாங்களா?"

அவ்வளவுதான். என் விரல்கள் பருப்பிலேயே நின்றுவிட்டன. அந்தக் கேள்விக்கு என் பெயர் பதிலாக வந்திருந்தால், அன்றைக்குச் சாயங்காலமே நான் பெட்டியைக் கட்டியிருப்பேன். வேலூரில் சொன்னது சரிதான், என் கையில்தான் ஏதோ இருக்கிறது என்று நானே நம்பியிருப்பேன்.

அண்ணி தலை நிமிராமல் சொன்னார்: "யாரும் கை வெக்கல. ஊருக்குப் போறப்ப, பனி விழுதே, பந்தலை மூடி வைன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன். பாவம், சொன்னதை அவ செஞ்சா. தப்பு என்னுது."

"நீங்களா!" என்று டீச்சரம்மா வாய்விட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்த கேலி, நின்றதா? ஒவ்வொரு மார்கழியும் டீச்சரம்மா வாசல் கேட் பக்கம் நின்று, "ஏன்ரீ, பந்தலுக்கு ஸ்வெட்டர் ஹாகித்ரா?" என்பார். தெருவே சிரிக்கும். சாம்பாரில் உப்புக் குறைவு என்றால் இரண்டு நாள் பேசாத அண்ணி, இந்தத் தெருவிலேயே சிறந்த தோட்டக்காரி என்று பேர் வாங்கின அண்ணி, "ஆமா, மப்ளரும் போட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வருவார். முதல் வருஷம் பயத்தில் நான் சொல்லவில்லை. அப்புறம் வெட்கத்தில் சொல்லவில்லை. அப்புறம் பழகிவிட்டது. இதைவிடக் கேவலம் உண்டா?

போன வருஷக் குளிரில் அண்ணிக்கு மூச்சுத் திணறல் அதிகமாகிவிட்டது. தோட்டத்துக்குப் போக முடியவில்லை. சமையலறைக் கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே, எந்தத் தட்டு எங்கே இருக்க வேண்டும் என்று அங்கிருந்தே அதிகாரம் செய்வார். ஒருநாள் காலையில் முதல் காயைப் பறித்து வந்து அவர் உள்ளங்கையில் தேய்த்தேன். மோந்து பார்த்து, "வந்திருக்கு" என்றார். முகம் அப்படி மலர்ந்தது. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அண்ணி, டீச்சரம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடறேனே. எனக்கு மனசு ஆறல."

"சும்மா இரு. இத்தனை வருஷம் சிரிச்சவங்களை இப்பப் போய் அழ வைப்பியா? நான் இருக்கற வரைக்கும் வாயைத் திறக்காத."

தை பிறந்து பத்து நாளில் அண்ணி போய்விட்டார். அவர் கடைசியாக உப்புப் பார்த்துச் சொன்ன தொக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை எடுத்துப் பரிமாற யாருக்கும் மனசு வரவில்லை.

அந்த நாட்களில் துணை நின்றவர்களை மறக்க முடியாது. ராத்திரி பகல் பார்க்காமல் காரை எடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், கடைசிவரை பொறுமையாகப் பார்த்த மருத்துவருக்கும் நர்ஸ் பெண்களுக்கும், தங்கவயலிலிருந்து வந்து பதினாறு நாளும் கூட இருந்த அண்ணியின் தம்பி தங்கைகளுக்கும், தினமும் ராகிக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிவிட்ட டீச்சரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்றைய சாப்பாட்டில் பிதுக்குப் பருப்புக் குழம்பு உண்டு. அதே அவரைப் பந்தலில் காய்த்ததுதான். எல்லோரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும்.

கடைசியாக ஓர் உதவி. டீச்சரம்மாவுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. பந்தியில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் இதை வாசித்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் அழுதுவிடுவேன். அண்ணி மூடச் சொல்லவே இல்லை. வேற ஒண்ணும் செய்யாத என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். வேட்டியைப் போர்த்தியது நானாகச் செய்த வேலை. தான் இருக்கும்வரை வாயைத் திறக்காதே என்றார் அண்ணி, திறக்கவில்லை. அடுத்த மார்கழியிலும் டீச்சரம்மா கேட் பக்கம் வந்து நின்று, பந்தலுக்கு ஸ்வெட்டர் போட்டாயா என்று கேட்க வேண்டும். இனிமேல் என்னைக் கேட்க வேண்டும்.