எட்டடி அறை

2025 அக்டோபர் 23, வியாழக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். 5.15க்கு மனைவியை எழுப்பி, கூடத்து மூலையில் பழைய புடவையால் மறைத்திருக்கும் கமோட் நாற்காலியில் உட்காரவைத்தேன். அவள் கூப்பிடும்வரை வாசலில் போய் நிற்பது வழக்கம். பிறகு பாத்திரத்தை வெளியே இருக்கும் கழிப்பறைக்கு எடுத்துப்போய்க் கொட்டி, கழுவி, பினாயில் தெளித்து வைத்தேன். இட்லி ஊற்றினேன். மதியத்து மாத்திரைகளைக் கிண்ணத்தில் போட்டு அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். 7.20க்குத் திண்டிவனத்தில் பஸ். 8.35க்கு விழுப்புரத்தில், நான் வேலை பார்க்கும் பார்சல் அலுவலகத்தில் இருந்தேன். முந்தின மூன்று நாளும் மழை. அன்று தூறல்தான்.

எங்கள் கழிப்பறை வீட்டுக்கு வெளியே, மூன்று படி இறங்கிப் போகும் இடத்தில் இருக்கிறது. சென்ற வருடம் பங்குனியில் அந்தப் படியில்தான் அவள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கிறாள். படி இறங்க முடியாது. யாராவது வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டால், அவர்கள் போகும்வரை அடக்கிக்கொண்டிருப்பாள். யாராவது வந்துவிடுவார்களோ என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். அதனால் கூடத்தை ஒட்டி, அதே தரைமட்டத்தில், கழிப்பறையோடு ஓர் அறை கட்ட முடிவு செய்தோம்.

பின்பக்கம் தவிர வேறு இடம் இல்லை. அங்கே எங்களைவிட உயரத்தில் இருக்கும் மேல்தெரு வீட்டின் மண்ணைத் தாங்கி நிற்கும் கருங்கல் சுவர் இருக்கிறது. உயரம் ஏழரை அடி. அதில் கீழ்வரிசையாக ஐந்து குழாய்த் துண்டுகள் பதித்திருக்கும். மழைக்காலத்தில் மேட்டு மண்ணில் ஊறும் தண்ணீர் அவற்றின் வழியாக எங்கள் பக்கம் வடியும்.

வீட்டுச் சுவருக்கும் கருங்கல் சுவருக்கும் இடையே எட்டடி மூன்று அங்குலம். மேஸ்திரி, கருங்கல் சுவரைத் தொடாமல் அரையடி சந்து விட்டு, முக்காலடிக்குத் தனிச்சுவர் எழுப்பலாம் என்றார். கணக்குப் போட்டேன். உள்ளளவு சரியாக ஏழு அடி வந்தது. மனையடி சாஸ்திரத்தில் ஏழு அடிக்குத் தரித்திரம் என்று போட்டிருக்கிறது. எட்டு அடிக்குப் பாக்கியம். ஆறும் நல்ல அளவுதான். ஆனால் ஆறடியில் கட்டில் போட்டால் வாக்கர் திரும்பாது, கூடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்திருந்தேன். ஏழில் தாராளமாகத் திரும்பும் என்பதையும் அதே கோடு காட்டியது.

நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் ஏழு என்று எழுதிவிட்டு அந்த அறையில் அவளைப் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. கருங்கல் சுவரையே நாலாவது சுவராக வைத்துக்கொள்ளலாம், கல்லின் மேடுபள்ளத்தை நிரவி மூன்று அங்குலம் பூசினால் உள்ளளவு எட்டு என்று மேஸ்திரியிடம் சொன்னேன். குழாய்களை என்ன செய்வது என்று அவர் கேட்டார். அடைத்துவிடுங்கள் என்றேன். அவர் குனிந்து ஒரு குழாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். பிறகு, “சாரு டேப்ப வெச்சுக்கினு சாமி கும்புடுறாரு, நான் இன்னாத்த சொல்றது” என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

“ஏழோ எட்டோ, சாத்திக்க ஒரு கதவு இருந்தா போதுங்க” என்றாள் அவள்.

ஆடி முடியும்வரை காத்திருந்து, ஆவணியில் தொடங்கினோம். ஐந்து குழாய்களிலும் சாக்குத் துணி திணித்து, சிமெண்ட் அடைத்து, பூசினார்கள். மேல்தளத்தின் ஒரு பக்கத்தைக் கருங்கல் சுவர்மேல் உட்காரவைத்தார்கள். வாசற்படியே வைக்காமல் கூடத்துத் தரையை அப்படியே நீட்டி டைல்ஸ் பதித்தார்கள். கதவு மாட்டியதும் அவள் வாக்கரோடு உள்ளே போய், சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள். நான் வெளியே நின்றேன். வெகுநேரம் திறக்கவில்லை. தண்ணீர் இணைப்பு மட்டும் பாக்கி. வருகிற புதன்கிழமை அந்த அறைக்கு மாறுவதாக இருந்தது.

வியாழக்கிழமை 11.10க்கு அவள் போன் செய்தாள். பின்னறையில் ஏதோ பொத்தென்று விழுந்ததாகவும், எட்டிப் பார்த்தால் சுவர் “கர்ப்பிணி வயிறு மாரி” தள்ளிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். அனுமதி கேட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் ஏறி, 1.05க்கு வீட்டில் இருந்தேன். கருங்கல் சுவரின் நடுவில் பூச்சு ஒரு பாய் அளவுக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. கற்களின் இடுக்கில் சேறு கசிந்தது. நூல் பிடித்துப் பார்த்தேன். நடுப்பாகம் இரண்டேகால் அங்குலம் முன்னே வந்திருந்தது. தளத்தின் அடியில் மூலைக்கு மூலை விரிசல்.

மேஸ்திரி இரண்டு மணிக்கு வந்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

“பின்னால தண்ணி நின்னுக்கினு இருக்குது சார். ஓட்டையத் தொறந்தா ரூமு குளம். தொறக்காட்டி செவுரு, தளம் எல்லாம் சேந்து உங்க கூடத்துக்கு வந்துடும்.”

திறந்து, வடிந்த பிறகு அறையைச் சரிசெய்துகொள்ளலாமா என்று கேட்டேன்.

“இந்த செவுரு மேல இனிமே ஒண்ணும் நிக்காது. மழ விட்டதும் தளத்த ஒடைச்சு எறக்கணும். அப்புறம் மேத்தெரு மண்ண வெட்டி, செவுர முதல்லேர்ந்து கட்டணும். அதுக்கு மேத்தெரு ஊட்டுக்காரரு ஒத்துக்கணும்.” தளத்தை அண்ணாந்து பார்த்து, “அந்த ஆளு ஒத்துக்கமாட்டாரு” என்றார்.

சாரக் கம்புகளைத் தளத்துக்கு முட்டுக் கொடுத்தார். காலையில் வெளிச்சம் வந்ததும் வந்து ஓட்டைகளைத் திறப்பதாகவும், புது அறையின் கழிப்பறைப் பக்கச் சுவரை உடைத்துத் தண்ணீரை வெளியே விடுவதாகவும், அதற்கு முன் கூடத்துக்குள் தண்ணீர் ஏறாமல் நான் வழியை அடைத்து வைக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குழாயை அடைக்கச் சொன்னது நான் என்பது அவளுக்குத் தெரியும். மாலையில் காபி கொடுத்தேன். பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“ஏழடியிலயே கட்டியிருக்கலாம்” என்றேன்.

“இப்ப அதச் சொல்லி இன்னாங்க?” என்று சொல்லி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. காலை 5.30க்கு முதல் வேலையாக, மீந்த செங்கல்லும் சிமெண்டும் எடுத்துவந்து, கூடத்துக்கும் அறைக்கும் நடுவே நிலையோடு நிலையாக மூன்று வரிசை கட்டினேன். வாசற்படியே வைக்காமல் விட்ட இடத்தில், உயரம் பத்து அங்குலம்.