அத்தைக்கு எடுத்த கோடி

எங்கள் ஆபீசில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், யார் ரிட்டயர் ஆனாலும், பரிசு வாங்கும் பொறுப்பு என் தலையில்தான் விழும். விழும் என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொள்வேன். மற்றவர்களிடம் விட்டால் சுவர்க்கடிகாரம், இல்லையென்றால் குத்துவிளக்கு. ஒரு வீட்டில் எத்தனை கடிகாரத்தைத்தான் மாட்டுவது என்று நான் சண்டைக்கு நிற்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது செக்‌ஷன் முழுக்கத் தெரியும். அதனால் கடைசியில் என் இஷ்டத்துக்கு விட்டுவிடுவார்கள்.

என் வழி ஒன்றுதான். பரிசு வாங்கும் முன் பத்து நாள் அந்த ஆளைக் கவனிக்க வேண்டும். என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் உலகத்தில் எல்லோரும் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் சூப்ரண்டு தினமும் காலையில் காலண்டரின் தேதித் தாளைத் தன் கையால் கிழித்த பிறகே நாற்காலியில் உட்காருவார். வேறு யாராவது கிழித்துவிட்டால் அன்று முழுக்கச் சிடுசிடுப்பு. அவர் ரிட்டயர் ஆனபோது நான் வாங்கியது அதே மாதிரி ஒரு தேதி கிழிக்கும் காலண்டர். மேடையில் அதைப் பிரித்துப் பார்த்தவர் அன்றைய தேதித் தாளை அங்கேயே தன் கையால் கிழித்தார். கல்யாணமாகி துபாய்க்குப் போன டைப்பிஸ்ட் பெண்ணுக்குக் குக்கருக்குப் போடும் ரப்பர் வளையம் ஆறு வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறு மாதம் கழித்து அவள் எழுதிய கடிதத்தில் முதல் வரியே அந்த வளையத்தைப் பற்றித்தான்.

இத்தனை பெருமையும் வைத்துக்கொண்டுதான் நான் என் மாமியாரிடம் போய் மாட்டிக்கொண்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஓணச் சமயம் அது.

நான் பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரத்தில். அப்பாவுக்கு ஆரியசாலையில் மளிகை மொத்த வியாபாரம். மூன்று தலைமுறையாக வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். என் வீட்டுக்காரருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம், வேலை இங்கே. அந்த வருஷம் என் மாமனாருக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று இங்குள்ள ஒரு ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். டெஸ்டுகள் நிறைய இருந்ததால் மாமாவும் அத்தையும் இரண்டு வாரம் முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

ஓணத்துக்கு முதல் நாள் வீட்டில் எல்லோருக்கும் புதுத்துணி எடுத்தேன். அதற்கு இங்கே ஓணக்கோடி என்று பெயர். பெரியவர்களுக்குக் கோடி கொடுத்துக் காலில் விழுவது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். அத்தைக்குச் சந்தன நிறத்தில் பொன் கரை போட்ட கைத்தறி முண்டும், மேலே சுற்றிக்கொள்ளும் நேரியதும் தேடிப் பிடித்து வாங்கினேன். இங்கே பெண்கள் விசேஷத்துக்கு அதைத்தான் உடுத்துவார்கள். தட்டில் வைத்து நீட்டினேன்.

“அத்தே, இதா உங்களுக்குக் கோடி. நாளைக்குக் காலைல உடுத்தணும்.”

அத்தை தட்டைத் தொடவில்லை. துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“என் கழுத்துல தாலி கிடக்கையிலயே எனக்குக் கோடி போடுதியா நீ?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் ஊரில் கோடி என்றால், புருஷன் செத்த அன்று பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடும் சேலை. எங்கள் வீட்டிலும் அந்தச் சடங்கு உண்டு. ஆனால் நாங்கள் அதைப் பிறந்த வீட்டுச் சேலை என்போம். கோடி என்ற சொல் எங்கள் காதில் ஓணத்தோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. போதாததற்கு நான் எடுத்தது வெள்ளையும் வெள்ளை சார்ந்த நிறமும். உள்ளே கட்டிலில் ஆபரேஷனுக்கு நாள் எண்ணிக்கொண்டு மாமா படுத்திருந்தார்.

“இது ஓணக்கோடியாக்கும் அத்தே. இங்க எல்லாரும் கொடுக்கறதுதான்.”

அத்தை எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. மகன் பரிமாறினால் சாப்பிடுவார். நான் கரண்டியை எடுத்தால் போதும் என்று கையைக் காட்டுவார். மாமா படுத்தபடியே சொல்லிப் பார்த்தார்.

“ஏட்டி, அவ ஊர்ப் பேச்சு அது. அவளுக்கு என்ன தெரியும்? விட்டுரு.”

அத்தை விடவில்லை. எனக்கும் ஆத்திரம்தான் வந்தது. நல்லெண்ணத்தோடு கொடுத்ததற்கு இப்படி ஒரு தண்டனையா? இரண்டு நாள் நானும் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் கோபம் வடிந்து பயம் வந்தது. ஆபரேஷனில் மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், என் வாய்தான் காரணம் என்று அத்தை சாகும்வரை நினைப்பார். யோசித்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன் என்று தோன்றியது. ஆபரேஷன் நாளுக்குள் அத்தை என்னிடம் ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும், பேச வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

உடனே எனக்குத் தெரிந்த வேலையில் இறங்கினேன். அரக்குச் சிவப்பில் மஞ்சள் கரை போட்ட பட்டுச்சேலை ஒன்று வாங்கி வந்து வைத்தேன். பொட்டலம் பிரிக்காமலே கட்டில் ஓரத்தில் கிடந்தது. வெள்ளிக் குங்குமச்சிமிழ் வாங்கினேன். அதுவும் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

“அம்மாட்ட நான் சொல்லியாச்சு. காதுல ஏறல. நீ கொஞ்ச நாள் சும்மா இரு, அது போதும்” என்றார் என் வீட்டுக்காரர்.

சும்மா இருப்பது எனக்கு வராது.

அந்த வாரம் மாமாவுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. நான் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு ரிப்போர்ட் வாங்க மாடிக்குப் போய்விட்டுத் திரும்பினால், இன்றைக்கு எடுக்க முடியாது, நாளைக்கு வாருங்கள் என்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். நர்ஸ் என்னிடம் குறைப்பட்டாள்.

“ராவிலே வல்லதும் கழிச்சோன்னு ஞான் சோதிச்சு. ரெண்டு தவண கழிச்சுன்னு அம்ம பறஞ்ஞு.”

காலையில் ஏதாவது சாப்பிட்டாரா என்று அவள் கேட்டிருக்கிறாள். ராவிலே என்றால் மலையாளத்தில் காலையில்; கழிப்பது என்றால் சாப்பிடுவது. அத்தையின் காதில் அது ராத்திரி வயிற்றால் போனதா என்று விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் மறைக்கக் கூடாது என்று கூச்சத்தை விட்டு ‘ரெண்டு தடவ’ என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். நர்ஸ் அதை இரண்டு தடவை சாப்பிட்டார் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தை சிரிக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். ஊரில் ஒரு தெருவையே அதட்டி வைத்திருந்த மனுஷி அவர். இங்கே வந்த நாளிலிருந்து யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைப் பார்க்கவே இல்லை.

பார்க்கவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. சேலையும் சிமிழும் என் பழியைக் கழுவிக்கொள்ள நான் எனக்காக வாங்கியவை. அத்தையை நான் ஒரு நாள்கூடக் கவனித்திருக்கவில்லை.

மறுநாள் சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று வாங்கினேன். அத்தை வாரப் பத்திரிகை ஒன்றுவிடாமல் படிப்பவர். ஆனால் பொடி எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் தமிழில் கொட்டை எழுத்தாக எழுதினேன். நம் சொல் மாதிரி இருக்கும், நம் சொல் இல்லை என்று ஆரம்பித்தேன். ராவிலே: காலையில். கழிச்சோ: சாப்பிட்டாச்சா. கழிஞ்ஞு: முடிந்தது. வெள்ளம்: குடிக்கிற தண்ணீர். எவிடெயா தாமசம்: எங்கே குடியிருக்கிறீர்கள். குழப்பமில்லா: பயப்பட ஒன்றுமில்லை. அவர் கேட்க வேண்டியவற்றைத் தனியாக எழுதினேன். அவருக்கு எங்ஙனெ உண்டு: அவருக்கு எப்படி இருக்கிறது? டாக்டர் எப்போள் வரும்: டாக்டர் எப்போது வருவார்? முதல் பக்கத்தில் ‘கோடி: புதுத்துணி’ என்று போட்டிருந்தேன். எழுதி முடித்ததும் அதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. வாதத்தில் ஜெயிக்கிற ஆசை இன்னும் போகவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

கையில் கொடுத்தால் வாங்க மாட்டார் என்று தெரியும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் பையில், கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் செருகி வைத்தேன். இரண்டு நாள் எந்தச் சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் வராந்தாவில் தூரத்திலிருந்து பார்த்தேன். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு நோட்டைப் பிரித்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போனதும் மூடிவிட்டார். பேசவில்லை.

ஆபரேஷன் அன்றைக்கும் பேசவில்லை. காலையில் மாமாவை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூன்று பேரும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். மத்தியானத்துக்கு மேல் ஏதோ மருந்து வேண்டும் என்று சீட்டுக் கொடுத்து என் வீட்டுக்காரரைக் கீழே அனுப்பினார்கள். பெஞ்சில் ஒரு முனையில் அத்தை, மறு முனையில் நான். அப்போது கதவு திறந்தது. ஒரு நர்ஸ் வெளியே வந்து மாமாவின் பெயரைச் சொன்னாள்.

“கழிஞ்ஞு கேட்டோ. குழப்பம் ஒன்னுமில்லா. ஐசியூவிலேக்கு மாற்றியிட்டுண்டு.”

பிறந்ததிலிருந்து மலையாளம் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த நிமிஷம் என் காதில் விழுந்தது முதல் சொல் மட்டும்தான். கழிஞ்ஞு. முடிந்தது. எழுந்து நின்றேன். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. மேற்கொண்டு எதுவும் எனக்குள் நுழையவில்லை. நர்ஸ் சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அத்தை பெஞ்சின் அந்த முனையிலிருந்து எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பயப்பட ஒண்ணுமில்லையாம்ட்டி. எதுக்கு அழுதுக்கிட்டு நிக்க?”